தேறிய கை

— அப்போ இந்த முகத்தை யார் ஷேவ் பண்ணது?

— நான்தான். வேற யார் வந்து பண்ணிட்டுப் போவாங்க?

— எந்தக் கையால?

— இடது கையால. ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்த நாள்ல இருந்து எல்லாத்துக்கும் இடது கைதானே. பல் விளக்க, சாப்பிட, கதவு திறக்க, உன்னைக் கும்பிட.

— இடது கையால நீங்க ஷேவ் பண்ணா தாடைக்குக் கீழ ஒரு புல்வெளி மிச்சம் இருக்கும். இன்னிக்கு வழவழன்னு இருக்கு. கிருதா ரெண்டும் ஒரே மட்டத்துல நிக்குது.

— நான் சொல்றேன் கேளு. சலூன்காரன் கை மாறலாம், கண்ணு மாறாது. பழகப் பழக இடது கையும் சொன்ன பேச்சு கேட்கும்.

— வலது கையை நீட்டுங்க.

— எதுக்கு?

— மோந்து பார்க்கத்தான்.

— செக்கரம்மா, இது வீடு. பஸ் இல்ல.

— பஸ்ஸுன்னே வெச்சுக்குங்க. நீட்டுங்க. ம். விரல் இடுக்குல சோப்பு நுரை காஞ்சு கிடக்கு. கட்டை விரல்ல பிளேடு பிடிச்ச தடம். எங்கிட்டயே டிக்கெட் இல்லாம வர்றீங்களா?

— அது முகம் துடைச்சப்போ ஒட்டியிருக்கும்.

— டிக்கெட் எடுக்காதவன் தூங்கற மாதிரி நடிப்பான். நிஜமா தூங்கறவனுக்கு வாய் திறந்திருக்கும், எச்சில் ஒழுகும். நடிக்கறவன் மட்டும் கல்யாண ஃபோட்டோவுக்கு உக்கார்ந்த மாதிரி அழகா தூங்குவான். நீங்க இப்ப அழகா இருக்கீங்க.

— தேங்க்ஸ்.

— பேச்சை மாத்தாதீங்க. போன தடவை ஆஸ்பத்திரியில அந்த டெஸ்ட் பண்ற பொண்ணு மரக்கட்டையை ஒரு பெட்டியில இருந்து இன்னொரு பெட்டிக்கு மாத்தச் சொல்லுச்சு. ரெண்டு கட்டைதான் எடுத்தீங்க. மூணாவது நழுவி உருண்டு அந்தப் பொண்ணு காலடியில போய் நின்னுச்சு. நான் வெளியில ஓடிப்போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அது நடிப்பா?

— மணி என்ன ஆச்சு?

— அது நடிப்பான்னு கேட்டேன்.

— உன் தம்பி வரட்டும். அவனையும் வெச்சுக்கிட்டுப் பேசுவோம்.

— அவன் எதுக்கு இதுல? ஓஹோ.

— என்ன ஓஹோ?

— ஒண்ணுமில்ல. பஸ்ல ஒருத்தன் மாட்டினா முதல்ல பின் சீட்டைத்தான் திரும்பிப் பார்ப்பான். கூட்டாளி அங்க உக்கார்ந்திருப்பான்.

— அக்கா, வண்டி வாசல்ல நிக்குது. மாமா ரெடியா? லேட்டா போனா அந்த டெஸ்ட் பொண்ணு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும்.

— வாடா. உன்னைத்தான் பேசிக்கிட்டு இருக்கோம். கதவைச் சாத்திட்டு வா.

— என்ன மாமா, அக்கா குரலே சரியில்லையே.

— மாட்டிக்கிட்டோம் மாப்ள.

— மாட்டிக்கிட்டோமா? நான் எதுல மாட்டினேன்? எனக்கு எதுவுமே தெரியாது.

— பார்த்தியா, அவர் எதுலன்னு சொல்றதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியாமப் போச்சு. உக்காரு. யார் யோசனைடா இது?

— அக்கா, லாஜிக்கா யோசிச்சுப் பாரு. நான் மருந்துக்கடையில வேலை பார்க்கறவன். எனக்கு இதெல்லாம் கொஞ்சம் தெரியும்.

— கொஞ்சம் தெரியறதுதான் பிரச்சனை. புரியற மாதிரி சொல்லு.

— மாமா சேர்ந்திருக்கறது சோதனை சிகிச்சை. எல்லாருக்கும் இடுப்பெலும்புல ஊசி குத்தி மஜ்ஜை எடுத்தாங்களா? அதுல இருக்கற ஸ்டெம் செல்லைப் பிரிச்சு, பாதிப் பேருக்குத் திருப்பி ஏத்தினாங்க. மீதிப் பாதிக்கு வெறும் உப்புத்தண்ணி. ஏத்தற பைக்கு மேல கறுப்பு உறை போட்டுட்டாங்க. எந்தப் பை யாருக்குன்னு நமக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

— அதைத்தான் நானும் கேட்கறேன். ஏத்தினவனுக்கே என்ன ஏத்தினோம்னு தெரியலன்னா அது என்ன வைத்தியம்? என் கடையில ஒருத்தன் தலையை நனைச்சுட்டு, இது ஷாம்புவா வெறும் தண்ணியான்னு எனக்கே தெரியாதுன்னு சொன்னா, நாற்காலியில உக்காருவானா?

— மாமா, கடைசியில தெரியும். சோதனை முடிஞ்சப்புறம், தண்ணி ஏத்தினவங்களுக்கு வேணும்னா நிஜ செல்லைக் கொடுக்கறோம்னு சொல்லியிருக்காங்க. அதான் அக்கா விஷயம். மாமா கை ரொம்பத் தேறிட்டா, ‘இவருக்கு ஏற்கெனவே செல் போயிருக்கு, போதும்’னு விட்டுடுவாங்க. தேறலன்னு காட்டினா, ‘பாவம், தண்ணிதான் போயிருக்கு, நிஜத்தைக் கொடுங்க’ன்னு முதல் ஆளா கூப்பிடுவாங்க. லாஜிக் சரிதானே?

— இது லாஜிக் இல்லடா. இது சீட்டுப் பிடிக்கத் துண்டு போடற வேலை.

— துண்டு போட்டாத்தானே சீட்டு கிடைக்குது.

— என்னங்க, நீங்க வயசுல பெரியவர். இவன் சொன்னான்னு நீங்களும் தலையாட்டினீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?

— சொன்னா விடமாட்டே.

— கட்டாயம் விடமாட்டேன்.

— நான் சொல்றேன் கேளு. என் முகத்தை நான் ஷேவ் பண்ணிக்கறது வேற. கீறினா என் கன்னம்தான். இன்னொருத்தன் கழுத்துல கத்தி வைக்கறது வேற. அவன் கண்ணை மூடிக்கிட்டு கழுத்தைத் தூக்கித் தருவான். அப்போ இந்த விரல் லேசா நடுங்கினாக்கூட நான் அந்த நாற்காலி பக்கமே போகக் கூடாது. நடுங்குது. இன்னிக்கும் நடுங்குச்சு. வெறும் தண்ணிக்கே இவ்வளவு தேறியிருக்குன்னா, நிஜ மருந்து வந்தா அந்த நடுக்கமும் போயிடும்னு நினைச்சேன். ஆசைதான். ஆசைப்படறது தப்பா?

— ஆசைப்பட்டது தப்பில்ல. என்னைக் குழாயடியில அழவிட்டது தப்பு.

— அது தெரியாது எனக்கு. நீ மூஞ்சி கழுவிட்டு வந்தேன்னு நினைச்சேன்.

— நடிக்கறவங்களுக்கு மத்தவங்க அழுகை கண்ணுல படாது. சரி, ரெண்டு பேரும் கேளுங்க. தேறினா கிடைக்காதோங்கற சந்தேகம் எனக்கும் முன்னாடியே வந்துச்சு. நான் அந்த டாக்டரை வராந்தாவுல நிறுத்திக் கேட்டுட்டேன். யாருக்கு செல், யாருக்குத் தண்ணின்னு கம்ப்யூட்டர் முதல் நாளே குலுக்கிப் போட்டு மூடி வெச்சிடுச்சு. நீங்க கட்டையைத் தூக்கினாலும் சரி, தலைகீழா நின்னாலும் சரி, அது மாறாது. தேறினாரா தேறலையான்னு பார்த்து யாருக்கும் எதுவும் கொடுக்க மாட்டாங்க.

— அவர் அப்படித்தான் சொல்லுவார் அக்கா. உண்மையைச் சொன்னா எல்லாரும் நடிப்பாங்களே.

— உலகத்துல எல்லாரும் உன்னை மாதிரின்னு நினைக்காதே. செல் ஏத்தினாத் தேறிடுவார்னு அவராவது சொன்னாரா? ‘செத்த இடம் முளைக்காதும்மா. சுத்தி இருக்கறதுக்கு எரு போட்ட மாதிரி உதவலாம், உதவாமலும் போகலாம், அதைத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவும்’னு சொன்னார். தெரியாததைத் தெரியாதுன்னு சொன்ன முதல் டாக்டர் அவர்தான். அவரைப் போய் ஏமாத்தறீங்க.

— ஒருத்தர் கணக்கால என்னக்கா ஆகிடப் போகுது?

— இதே சோதனைக்கு வந்து எதிர் கட்டில்ல இருந்த டெய்லரம்மா ஞாபகம் இருக்கா? ஊசியில நூல் கோக்க முடியாம, மகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு கோத்து வாங்கிச்சு. என்னங்க, உங்களுக்குப் போனது நிஜ செல்லாவே இருந்தா? நீங்க கட்டையை நழுவவிட்டதைப் பார்த்து, ‘இந்த செல் வேலைக்கு ஆகல’ன்னு மூட்டை கட்டிட்டா? அந்தம்மாவுக்கு யார் பதில் சொல்றது? உங்களை மாதிரி நாலு பேர் துண்டு போட்டா அந்த மருந்தே செத்துடும்.

— அதை நான் யோசிக்கல.

— யோசிங்க.

— நிஜமா யோசிக்கல. அந்தம்மா எனக்கு ஒரு சட்டை தைச்சுத் தர்றேன்னு சொல்லிச்சு. சரி. இன்னிக்கு உள்ளதை உள்ளபடி காட்டறேன். போன தடவை பண்ணது பொய்னு அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிடறேன். போதுமா?

— மாமா, சொல்லவெல்லாம் வேணாம். சும்மா நல்லாப் பண்ணிட்டு வந்துடுங்க. கேட்டா முன்னேற்றம்னு சொல்லிக்கலாம்.

— நீ வாயை மூடு. அவர் சொல்லுவார். நான் பக்கத்துலயே நிப்பேன். இந்தாங்க டீ, ஆறிப் போறதுக்குள்ள குடிங்க. அப்புறம் சட்டையை மாட்டுங்க. கிளம்பலாம்.

— ம்.

— என்ன ம்? குரல் இறங்கிடுச்சு?

— தலை ஒரு மாதிரி இருக்கு.

— இருக்கும். பொய் இறங்கற நேரத்துல அப்படித்தான் இருக்கும்.

— மாமாவுக்கு ரோஷம் வந்துடுச்சு அக்கா. விடு. நீ பேசினதும் கொஞ்சம் அதிகம்தான்.

— நான் இன்னும் பாதிகூடப் பேசல. என்னங்க, சட்டையைக் கையில வெச்சுக்கிட்டு என்ன யோசனை?

— நுழையல.

— என்ன நுழையல?

— கை. சட்டையில கை… நுழையல.

— காலையில கண்ணாடி முன்னாடி கிருதா ஒதுக்கின கை, இப்ப சட்டைக்குள்ள நுழையலையாம். டேய், கேட்டியா?

— மாமா, இங்க எங்க முன்னாடி எதுக்கு நடிக்கறீங்க? லாஜிக்கே இல்லாம. நாங்களா மார்க் போடப் போறோம்?

— இல்ல மா… மாப்ள. நிஜ…

— இது புதுசு. நாக்கு வேற குழறுது. அன்னிக்கு கை விழுந்தப்போகூட உங்க பேச்சு போகலையே. ஆம்புலன்ஸ்ல படுத்துக்கிட்டே டிரைவருக்கு முடி எப்படி வெட்டணும்னு யோசனை சொன்ன ஆள்தானே நீங்க?

— செக்… கரம்மா.

— கெஞ்சினா இறங்க மாட்டேன். இன்னிக்கு டெஸ்டுக்குப் போகாம இருக்கணும், அந்தப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லாம தப்பிக்கணும். அதுக்குத்தானே இது? நொண்டற மாதிரி நடிச்சுக்கிட்டே இறங்கி, அடுத்த நிறுத்தத்துல ஓடினவனைத் துரத்திப் பிடிச்சவ நான். டீயைக் குடிங்க முதல்ல.

— ஐயோ அக்கா, கப்பு.

— போட்டாச்சா? ரொம்ப நல்லது. பிரமாதம். என் புடவை மேலயே ஊத்தியாச்சு. தள்ளுடா, கண்ணாடிச் சில்லு கால்ல குத்தப் போகுது. அந்தத் துணியை எடு.

— அக்கா…

— நீ பேசாதே. எல்லாம் உன்னால வந்தது. ஒழுங்கா இருந்த மனுஷனுக்கு நடிப்பு சொல்லிக் கொடுத்து, இப்ப அவருக்கே எங்க நிறுத்தறதுன்னு தெரியல. மேஜைக்கு அடியில வரைக்கும் போயிருக்கு பாரு. என்னங்க, நான் துடைச்சுக்கிட்டே பேசறேன், காதுல வாங்குங்க. எனக்கு உங்க மேல கோபம் இருக்கு. ஆனா அன்னிக்கு அந்தக் கை செத்த கையா மடியில கிடந்தப்போ, அதை ஒரு தடவை நீங்க தூக்கினாப் போதும், வேற எதுவும் வேணாம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு நுரை ஒட்டின விரலைப் பார்த்ததும் திட்டணும்னு வாய் வந்துச்சே தவிர, உள்ளுக்குள்ள நான் குதிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அதனால நடிச்சது போதும். எனக்காக ஒரே ஒரு தடவை, அந்த வலது கையை நிஜமாத் தூக்குங்க.

— அக்கா, துடைக்கறதை விட்டுட்டு எந்திரி. வலது கையைத்தான் மாமா தலைக்கு மேல தூக்கி உன்னைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கார். கப்பு விழுந்தது இடது கையில இருந்து. இப்ப அந்தக் கைதான் விழுந்திருக்கு.