நேரில் வரவும்

மதியம் இரண்டு மணி. ராத்திரி இல்லை, நல்ல உச்சி வெயில். ஊரடங்கு போட்ட மே மாதம். சேலம் பைபாஸில் ஒரு லாரி இல்லை, டீக்கடை இல்லை, நாய்கூட இல்லை. தார் உருகி மினுங்குகிற அந்தச் சாலையில் ஒரே ஒரு மொபெட் வருகிறது. ஓட்டுகிறவர் முகத்தில் துண்டு. பின் சீட்டில்... யாரும் இல்லை.

"மூணு நாளைக்கு முன்னாடி அதே வண்டியில ரெண்டு பேரா வந்தாங்க" என்றாள் இன்னாசிமேரி.

அவள் இதைச் சொன்னது, சூரமங்கலத்தில் கரண்ட் போயிருந்த ஒரு ராத்திரி. அவள் வீட்டு மொட்டை மாடியில் ஒரே பாயில் ஐந்து பொம்பளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ஜங்ஷன் பக்கம் கூட்ஸ் வண்டி ஒன்று முனகிக்கொண்டு போனது.

"பேய்க் கதைன்னா ராத்திரி பன்னெண்டு மணின்னு ஆரம்பிக்கோணும். இதென்னடி, சோத்து நேரத்துக்கு வார பேயி?" என்றாள் மயிலம்மாள்.

"கேட்டுட்டுப் பேசுக்கா."

நடந்தது அவள் கொழுந்தன் ஆண்ட்ரூஸுக்கு. பல்கலைக்கழக நூலகத்தில் உதவியாளர். அவனே போனில், மூச்சு வாங்க வாங்க, இவளிடம் சொன்னது.

கொரோனாவுக்கு நூலகத்தைப் பூட்டிவிட்டார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. ஆனால் வளாகத்துக்கு உள்ளே இருக்கிற கம்ப்யூட்டரில்தான் திறக்கும். வீட்டிலிருந்து படிக்க வேண்டுமென்றால் தனியாக ஒரு லாகின் வேண்டும். பிள்ளைகள் விண்ணப்பம் அனுப்புவார்கள். ஆண்ட்ரூஸ் தன் திரையில் 'அனுமதி' என்ற இடத்தில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், கதவு திறந்த மாதிரி. அடையாள அட்டையில் அந்த வருஷத்து சீல் இருக்க வேண்டும், ஆள் வந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஊரடங்கில் யாருக்கும் அதை அவன் பார்க்கவில்லை. அட்டையை போட்டோ எடுத்து அனுப்பினால் தட்டிவிடுவான்.

ஒருத்திக்கு மட்டும் பார்த்தான்.

பள்ளிபாளையத்து மலர்விழி. தறி ஓட்டுகிற ராசப்பனின் ஒரே மகள். ஏழு வருஷ ஆராய்ச்சி, கடைசி அத்தியாயம் பாக்கி. மே முப்பத்தொன்றுக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருஷமும் போச்சு.

"அவ மேல உன் கொழுந்தனுக்கு என்ன காட்டம்?"

"ஒருக்கா அவ ஆலோசனைப் புத்தகத்துல எழுதி வச்சுட்டா. பன்னெண்டரைக்கே கவுண்டரைப் பூட்டிட்டுச் சாப்பிடப் போயிடறாருன்னு."

"இதுக்கா?"

"இதுக்குத்தான்."

மலர்விழி நான்கு தடவை விண்ணப்பம் அனுப்பினாள். நான்கு தடவையும் இரண்டே வார்த்தையில் பதில். 'நேரில் வரவும்.'

வந்தாள். பதினேழாம் தேதி, அப்பனின் மொபெட்டில், அறுபது கிலோமீட்டர் வெயிலில். கேட்டில் காவலாளி மாதையன் இன்டர்காமில் கூப்பிட்டான்.

"சார், அந்தப் புள்ள வந்துருக்குதுங்க. நிக்க முடியாம நிக்குதுங்க. காச்ச போல."

"இருக்கச் சொல்லு."

இரண்டு மணி நேரம் இருக்கச் சொன்னான். உள்ளே சர்வர் ரூமில் ஏசி. அப்புறம் வராந்தா வரைக்கும் வந்தான், இருபதடி தள்ளி நின்றுகொண்டான்.

"உம்பேர்ல ஒரு புத்தகம் இருக்குதே."

"கொண்டாந்துட்டேனுங்க சார்."

"அதை எடுத்துக்காம சீல் வைக்க முடியாது."

"எடுத்துக்குங்க சார்."

"எப்படி எடுக்கறது? மூணு நாள் யாரும் தொடக் கூடாது. அதான் முறை."

அப்போது அப்படி ஒரு முறை இருந்தது நிஜம். திரும்பி வருகிற புத்தகத்தில் நோய் ஒட்டியிருக்கும் என்று, வாசிப்பு மண்டபத்து மேஜைகளில் மூன்று நாள் தனியாகக் கிடத்தி வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. வந்தது, தொடலாம், எடுத்தவர்... மூன்று வரி. முதல் இரண்டையும் கொண்டுவந்தவரே நிரப்ப வேண்டும். எடுத்தவர் என்ற வரியில், மூன்று நாள் கழித்து எடுக்கிறவர் தன் பேரை எழுதுவார்.

அவள் கேட்டுத் திண்டில் சீட்டை வைத்து எழுதினாள். ஊதா மை. குண்டு குண்டான எழுத்து. வந்தது: 17, மதியம் 2.10. தொடலாம்: 20, மதியம் 2.10.

ராசப்பன் துண்டை எடுத்துக் கும்பிட்டார். "சாமி, மறுக்கா அத்தன தூரம் இவளால ஆகாதுங்க. போட்டோவப் பாத்து ஒரு தட்டுத் தட்டி உடுங்க சாமி."

"மூணு நாள் கழிச்சு வரட்டும்."

மலர்விழிதான் அப்பன் கையை இறக்கிவிட்டாள். "வுடுங்கப்பா. வாரேன் சார். மூணு நா கழிச்சு நேர்லயே வாரேனுங்க."

இன்னாசிமேரி நிறுத்தினாள்.

"சொல்லு" என்றாள் மயிலம்மாள். குரலில் கேலி இல்லை.

இருபதாம் தேதி. மதியம் இரண்டு மணி. சர்வர் ரூமில் ஆண்ட்ரூஸ் மட்டும் தனியாக. மண்டபத்தில் மின்விசிறிகள் நின்றிருந்தன. மேஜை மேஜையாகப் புத்தகங்கள், மல்லாக்கப் படுத்தபடி, நெஞ்சில் சீட்டோடு... இன்டர்காம் அடித்தது.

"சார், அந்தப் புள்ளையோட அப்பன் வந்துருக்காருங்க. கார்டு கொண்டாந்திருக்காரு. சீல் மட்டும் போதுங்கறாரு."

"அவ எங்கே?"

"அது வந்துங்க சார்..."

"அப்பன் வந்தா ஆச்சா? கையெழுத்து யார் போடறது? அவளை வரச் சொல்லுய்யா."

"சார், நாஞ் சொல்றதக் கொஞ்சம்..."

"நேர்ல வரச் சொல்லு!"

போனை வைத்தான்.

மண்டபத்துக்குள்... டக். டக். டக்.

கீபோர்டு தட்டுகிற சத்தம். ஏழாவது மேஜைக் கம்ப்யூட்டர். ஒரு வருஷமாக ஒயரைப் பிடுங்கிப் போட்டு வைத்திருந்தது. அதன் திரையில் வெளிச்சம். உள்ளே நுழைந்தவுடன் வாடை அடித்தது. முதலில் சானிடைசர். அப்புறம் அதுக்கு அடியில்... பிளாஸ்டிக் கருகுகிற வாடை.

திரையில் மலர்விழியின் பதிவு எண். கட்டுரைகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. நாற்காலி காலி. கீபோர்டில் எழுத்துகள் மட்டும் அமுங்கி, எழுந்து, அமுங்கி...

அவள் புத்தகம் கிடந்த மேஜையைப் பார்த்தான். புத்தகம் இல்லை. சீட்டும் இல்லை.

திரும்பி ஓடினான். வாசல் மேஜையில் ரிஜிஸ்டர் திறந்து கிடந்தது. கடைசி வரியில் ஊதா மையில் ஒரு கையெழுத்து. தெரியாமல் கை பட்டது. மை விரலில் ஈஷிக்கொண்டது.

காதுக்குப் பக்கத்தில், ரொம்ப மரியாதையாக...

"நேர்ல வந்துட்டேனுங்க சார்."

செருப்பு ஒன்று கழன்றுபோக, கேட் வரைக்கும் ஓடினான். அங்கே ராசப்பன் வெயிலில் நின்றிருந்தார். அட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"காலைல நாலு மணிக்குப் போயிட்டாளுங்க சாமி. பிளாஸ்டிக்ல சுத்திக் குடுத்தாங்க. தொடக்கூட வுடல. ஈரோட்டுல எரிச்சுப்போட்டு நேரா இங்கதான் வாரேன். கடைசியா, சீலு வாங்கியாங்கப்பான்னா. அதான்... ஒரு சீல் வச்சுக் குடுங்க சாமி."

"வச்சானா?" மயிலம்மாள் பட்டென்று கேட்டாள்.

"சீலு மண்டபத்துக்குள்ள இருந்துச்சுக்கா. உள்ள போக இவனுக்குக் கால் வருமா? மாதையனைப் போகச் சொன்னானாம். நீங்க போங்க சார், உங்க முறைதானேன்னுட்டான் அவன். அந்த மனுசன் ஆறு மணி வரைக்கும் நின்னு பாத்துட்டு, கார்டை மடியில கட்டிக்கிட்டுப் போயிட்டாரு."

"பாவி..."

அன்று ராத்திரியே ஆண்ட்ரூஸுக்குக் காய்ச்சல். மறுநாள் மூச்சு முட்டல். ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸிலேயே அரை நாள் கிடந்து, அப்புறம் படுக்கை கிடைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவர்கள். சனிக்கிழமை போனில் இதையெல்லாம் சொன்னவன், கடைசியாக ஒன்று கேட்டான்.

"அண்ணி, யாராச்சும் வந்து என் கையைப் பிடிச்சுக்கச் சொல்லுங்களேன். இங்க ஒருத்தரும் தொட மாட்டேங்கறாங்க."

"தொடக் கூடாதாம் சாமி. அதான் முறையாம்."

சொன்ன பிறகுதான் இன்னாசிமேரிக்குத் தன் வார்த்தையே சுட்டதாம். அவன் மெதுவாகச் சொன்னான்: "நாளைக்கு வருவா அண்ணி."

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டான்.

அவன் சாமான்களை ஒரு பையில் கட்டிக் கொடுத்தார்கள். மூக்குக்கண்ணாடி, போன், செபமாலை. சட்டையை வாங்கி வீட்டு வாசலிலேயே சோப்புத் தண்ணீரில் முக்கப் போனபோது, அதன் பையில் ஏதோ மொடமொடவென்றது.

நூலகத்துச் சீட்டு. குண்டு குண்டான எழுத்து. ஊதா மை, கொஞ்சம்கூடக் கலையாமல்.

வந்தது: 20, மதியம் 2.10.

தொடலாம்: 23, மதியம் 2.10.

"அவன் போன நேரம்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"ரெண்டு பத்து. கேஸ் ஷீட்டுலயும் அப்படித்தான் இருக்குது."

மயிலம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணாவது வரி? எடுத்தவருங்கற எடம்... அது காலியாத்தானே இருந்துச்சு?"

இன்னாசிமேரி இருட்டில் எங்களைப் பார்த்தாள்.

"மூணாவது வரியில மட்டும் மை காயல. மலர்விழின்னு எழுதியிருந்துச்சு."