பந்து தொலைஞ்சா ஆட்டம் க்ளோஸ்

கேப்டன்: ...நல்லா தேடுடா. சும்மா செடிக்கு தலை வாரி விடாத.

கீப்பர்: முள்ளு மச்சான். பல் டாக்டர் வீட்டுத் தோட்டத்துல எதுக்கு இவ்ளோ முள்ளு?

கேப்டன்: வலிக்கிற எடத்துலதான அவருக்குப் பொழப்பு.

கீப்பர்: வெயில் மண்டையப் பொளக்குது. அந்தக் கண்ணாடிப் பையன் எதுக்குடா பந்த இவ்ளோ தூரம் அடிக்கிறான்?

கேப்டன்: திமிரு. குடி வந்து முழுசா பதினஞ்சு நாள் ஆகல. கண்ணாடியக் கழட்டினா அவனுக்கு ஸ்டம்பே தெரியாது. இப்ப நாப்பத்தெட்டு!

கீப்பர்: உன் ரெக்கார்டுக்கு இன்னும்...

கேப்டன்: எண்ணாத.

கீப்பர்: ஒண்ணு அடிச்சா சமம், ரெண்டு அடிச்சா...

கேப்டன்: எண்ணாதன்னு சொன்னேன்ல! நாலு வருஷமா தெருமுனை சுவத்துல கரியால எழுதி வச்சிருக்கு. நாப்பத்தொம்போது. மழைக்குக்கூட அழியல.

கீப்பர்: அழியாது. மழை விட்டதும் நீதான் போய் மறுபடி எழுதுறியே.

கேப்டன்: அது... பராமரிப்பு.

கீப்பர்: சரிதான்.

கேப்டன்: எங்கம்மா பண்ணதப் பாத்தியா? பால்கனில நின்னு அவனுக்குக் கை தட்டுறாங்க! நான் ஆடுறப்போ துணி எடுக்கத்தான் வெளிய வருவாங்க.

கீப்பர்: நீ அவுட் ஆனப்போ ஒரு தடவ தட்டினாங்களே...

கேப்டன்: கொசு அடிச்சாங்க. நீ தேடு.

கண்ணாடி: (சுவருக்கு அந்தப் பக்கமிருந்து) அண்ணே! கெடச்சுதா?

கேப்டன்: தேடிட்டிருக்கோம் தம்பி! கெடைக்கும் கெடைக்கும்!

கண்ணாடி: வீட்ல புது டென்னிஸ் பந்து இருக்குண்ணே. எடுத்துட்டு வரட்டா?

கேப்டன்: அதெல்லாம் கூடாது! ஒரு ஆட்டத்துக்கு ஒரே பந்து. பந்து தொலைஞ்சா ஆட்டம் க்ளோஸ். தெரு ரூலு!

கண்ணாடி: சரிண்ணே. நானும் வந்து தேடட்டாண்ணே?

கேப்டன்: வேணாம்! நீ... நிழல்ல நில்லு! ...பாத்தியா, என்ன பணிவு. நடிக்கிறான்.

கீப்பர்: நல்ல பையனாதான்டா தெரியுது.

கேப்டன்: அதான் எரியுது! எனக்கும் நாப்பத்தொம்போதுல இதே ரூல்லதான ஆட்டம் நின்னுச்சு? அன்னிக்கு மட்டும் அந்தப் பந்து கெடச்சிருந்தா... ஒரே ஒரு ரன்னுடா...

கீப்பர்: ஆரம்பிச்சுட்டான்.

கேப்டன்: என்ன ஆரம்பிச்சுட்டான்?

கீப்பர்: தினமும் சாயங்காலம் எங்க வீட்டு ஸ்டூல்ல உக்காந்து இதத்தான சொல்ற? ஸ்டூலுக்கே மனப்பாடம் ஆயிருக்கும்.

கேப்டன்: அந்த ஸ்டூலு முன்னெல்லாம் ஆடும். இப்ப ஆடுறதில்ல.

கீப்பர்: குட்டையா இருந்த காலுக்கு ஒரு பச்ச பூட்ஸ் போட்டுட்டேன்ல.

கேப்டன்: அந்த நாப்பத்தொம்போத உன்னால புரிஞ்சுக்க முடியாதுடா. அன்னிக்கு நீ எவ்ளோ?

கீப்பர்: அது எதுக்கு இப்ப?

கேப்டன்: முட்டை! மொத பந்துலயே முட்டை! எங்கம்மாகூட, 'அந்தப் பையனுக்கு ஒடம்பு சரியில்லையா'ன்னு...

கீப்பர்: ஞாபகம் இருக்கு. ஆமா, அதென்ன பாக்கெட்டு அவ்ளோ பெருசா இருக்கு?

கேப்டன்: கர்ச்சீப்பு.

கீப்பர்: உருண்டையாவா?

கேப்டன்: சுருட்டி வச்சிருக்கேன்.

கீப்பர்: ஒரு குதி குதி, பாப்போம்.

கேப்டன்: எதுக்கு?

கீப்பர்: சும்மா குதி... அய்யோ, விழுந்துருச்சு பாரு. கர்ச்சீப்பு நல்லா எழும்புது மச்சான்.

கேப்டன்: கத்தாதடா! அவன் காதுல விழும்.

கீப்பர்: எப்ப எடுத்த?

கேப்டன்: உள்ள வந்ததுமே. கால்லயே பட்டுச்சு. மொத தூக்கிக் குடுக்கத்தான் குனிஞ்சேன். சத்தியமா. நிமிர்றப்போ... பாக்கெட்ல இருந்துச்சு.

கீப்பர்: அதுவா ஏறிக்கிச்சு.

கேப்டன்: என்னை அசிங்கமா நெனைக்கிற இல்ல?

கீப்பர்: இல்ல மச்சான்.

கேப்டன்: நெனைக்கணும்டா. அன்னிக்கு எனக்காக இதே செடிக்குள்ள ஒரு மணி நேரம் தேடின. நான் வெளிய நின்னு பாத்துட்டிருந்தேன். கையெல்லாம் ரத்தம். நீ எங்க... நான் எங்க...

கீப்பர்: அந்தப் பேச்ச விடேன்.

கேப்டன்: விட மாட்டேன். நீ மனுஷன்டா!

கண்ணாடி: அண்ணே! கெடைக்கலன்னா பரவால்லண்ணே! நாப்பத்தெட்டே போதும்!

கேப்டன்: பாரு... போதுமாம். நீயே சொல்லு. என்ன செய்யட்டும்?

கீப்பர்: குடுத்துரு.

கேப்டன்: அம்பது அடிச்சுருவான்!

கீப்பர்: அடிக்கட்டும். இல்லன்னா நாலு வருஷம் கழிச்சும் தினமும் உன் எதிர்ல உக்காந்து 'ஒரே ஒரு ஷாட்டுண்ணே'ன்னு பொலம்புவான். நீ மூஞ்சிய ஒழுங்கா வச்சுக்கிட்டு கேக்கணும். காபி வேற குடுக்கணும். ரொம்பக் கஷ்டம் மச்சான்.

கேப்டன்: கஷ்டம்னு உனக்கெப்படிடா தெரியும்?

கீப்பர்: அந்த ஸ்டூலுக்குப் போட்ட பூட்ஸ கீழ குனிஞ்சு பாத்திருக்கியா?

கேப்டன்: பச்சையா... சொரசொரன்னு... பாதியா வெட்டின... டேய்!

கீப்பர்: நாலு வருஷமா அந்தப் பந்து மேலதான் உக்காந்து அழுவுற மச்சான்.