தம்பி இல்லை என்று எழுதினேன்

1983 ஜூலை, கடைசி வாரம், இலங்கையில் கலவரம். பகல் இரண்டு மணி இருக்கும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தின் தகரக் கூரையில் கல் விழுகிறது. பிறகு புட்டி உடையும் சத்தம். பிறகு பெட்ரோல் வாடை.

"அண்ணே, ரோட்டுக்குப் போகாதீங்க! ஆத்துப் பக்கம்! ஆத்துப் பக்கம்!"

தம்பி சின்னையா கத்துகிறான். அவன் தோளில் மகள் கமலா. பின்னால் அவன் மனைவி பாக்கியம். தேயிலைச் செடிகளுக்குள் குனிந்து ஓடுகிறோம். திரும்பிப் பார்த்தேன். பாக்கியம் இல்லை. மறுநாள் ஆற்றங்கரையில் பிணமாகக் கிடந்தாள்.

என் சட்டைப் பையில் இந்தியப் பாஸ்போர்ட். இலங்கையில் தங்க எனக்கிருந்த அனுமதி அந்த மாதத்தோடு முடிகிறது. சின்னையா இலங்கைக் குடிமகன். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு நாட்டுக்காரர் ஆனதற்கு நான்தான் காரணம்.

எங்கள் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் கம்பத்திலிருந்து தேயிலைக்குப் போனவர். இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. எங்களுக்குக் குடியுரிமை போனது. பிறகு இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. எந்த நாடு வேண்டும், எழுதிக் கொடு என்றார்கள். நான் தோட்டப் பள்ளி வாத்தியார். லயம் முழுவதற்கும் மனு எழுதினேன். பல வீடுகளில் ஆளுக்கொரு நாடு கேட்டார்கள். ஒரு பக்கம் துரத்தினால் மறுபக்கம் ஒரு கூரை இருக்கட்டும் என்ற யோசனை. எங்களுக்கும் அப்படியே எழுதினேன். ஒரே குடும்பம் என்று தெரிந்தால் சேர்த்து ஒரு பக்கம் தள்ளிவிடுவார்கள் என்று பயம். என் மனுவில், உடன்பிறந்தார் இல்லை என்று எழுதினேன்.

கலவரத்துக்குப் பிறகு இந்தியக் கப்பல் என்னை ஏற்றிக்கொண்டது. சின்னையாவையும் கமலாவையும் ஏற்றவில்லை.

அடுத்த ஆண்டு சின்னையா மகளோடு மீன்பிடிப் படகில் வந்தான். அகதி முகாமில் பதிந்து தங்கவில்லை. நேரே கம்பத்துக்கு வந்தான். அங்கே நான் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தேன். பத்தொன்பது நாள் ஒரே அறையில் இருந்தோம். இருபதாம் நாள் காலை, பந்தலுக்கு அப்பாலிருந்து தோட்டக்காரர் மனைவி கத்தினார்.

"வாத்தியாரே! ஸ்டேசன்லருந்து வந்திருக்காக! தம்பியை அங்கனயே இருக்கச் சொல்லுங்க!"

கமலாவின் வாயைப் பொத்தினேன். மூச்சு முட்டி இருமினாள். பிடித்துவிட்டார்கள்.

பெரியகுளத்தில் ஓர் அலுவலகம். ரத்த உறவு கையெழுத்துப் போட்டால் வெளியில் தங்க அனுமதி. இல்லையென்றால் முகாம். என் பழைய மனுவைப் பார்த்து எழுதிய குடும்ப அட்டையை எழுத்தர் புரட்டினார்.

"ஊரு விட்டு ஊரு வந்தா எல்லாரும் அண்ணன் தம்பிதான்யா. இதுல தம்பியே இல்லைன்னு போட்டிருக்கே? அப்ப பொய் எழுதிக் கொடுத்தீராக்கும்?"

மின்விசிறி கடகடக்கிறது. கதவருகே காவலர். என் குடியுரிமையே போய்விடும் என்று நினைத்தேன். மறுபடியும் எந்த நாடும் இல்லாதவன்.

"இல்லீங்க. ஒரே தோட்டம். அவ்வளவுதான்."

"பெரியப்பா," என்று கமலா என் வேட்டியைப் பிடித்தாள்.

எழுத்தர் நிமிர்ந்தார்.

"பிள்ளைங்க எல்லாரையும் அப்படித்தாங்க கூப்பிடும்," என்றேன்.

சின்னையா தரையைப் பார்த்தான். "ஆமாங்க. பக்கத்துக் காம்பரா. அடுத்த அறைங்க," என்றான்.

உறவில்லை என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன். பல வருடம் கழித்து ஒரு வக்கீலைக் கேட்டேன். தவறாக எழுதிவிட்டேன் என்று ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்திருந்தால் போதும் என்றார்.

இழந்தவை: லயத்தில் இரண்டு காம்பரா. கோழி நான்கு. அம்மாவின் ஒரே புகைப்படம்.

இழந்தவர்கள்: பாக்கியம். கமலா, முகாமில், காய்ச்சலில், ஏழு வயது முடியவில்லை. சின்னையா, மகளைப் புதைத்த வாரமே படகேறித் திரும்பிப் போனான். கடிதம் இல்லை.

மூன்று பேர். பாக்கியத்தைக் கொன்றவர்களின் முகம்கூட எனக்குத் தெரியாது. மற்ற இருவரையும் முகாமுக்கு அனுப்பிய தாளில் இருப்பது என் கையெழுத்து.