ஜோடிக் கத்தரி

கத்தரி வாங்குவதென்றால் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். புதிதாக பார்லர் வைக்கிறவர்கள் யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். முடி வெட்டுகிற கத்தரி ஒரு கம்பெனி, அடர்த்தி குறைக்கிற பல் கத்தரி வேறொரு கம்பெனி என்று வாங்கினால் கை குழம்பிப் போகும். ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கும்போது எடை மாறக்கூடாது. விரல் நுழைகிற வளையம் மாறக்கூடாது. சத்தமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் ரொம்ப நல்லது.

நீங்கள் ஸ்டேஷனில் டீ வாங்கிக் கொடுத்து, வைத்தியர் இராமலிங்கத்தின் மேல் எழுதி வைத்திருக்கிற புகாரில் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். போடலாம் மேடம். ஆனால் அதில் ஒரு வரி தப்பாக இருக்கிறது. ‘முடி உதிரும் நோய்க்கு மருந்து சாப்பிட்ட என் தங்கை எழிலரசி’ என்று எழுதியிருக்கிறீர்கள். எழிலுக்கு அப்படி ஒரு நோய் இருந்ததில்லை. தப்பு என்று தெரிந்த தாளில் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் கத்தரியிலிருந்து ஆரம்பித்தேன்.

அம்மா போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது, எழிலுக்கு எட்டு. மறு வருஷம் அப்பாவும் போய்விட்டார். என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள், “சின்னதை எங்க விடப் போறீங்க?” என்று கேட்டார்கள். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். மெட்ராஸில் ஆறு மாதம் தொழில் படித்தேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு எதிரே ஒரு அறை எடுத்து வெள்ளைக்காரப் பெண்களுக்கு முடி வெட்டினேன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றி வீடுகள் வந்தபிறகு அங்கே ‘எழில் பியூட்டி பார்லர்’ வைத்தேன். முன்னால் கடை, பின்னால் நாங்கள் இரண்டு பேர்.

அவள் முடி முழங்காலைத் தொடும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு, சாம்பிராணி காட்டி, நுனியைச் சமமாக வெட்டிவிடுவேன். எட்டு வயதிலிருந்து அவள் தலையில் வேறொருவர் கை பட்டதில்லை. தனக்குத்தானே பின்னிக்கொள்ளக்கூட அவளுக்கு வராது. கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த பிறகும் காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்காருவாள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஆனி மாதம் மூர்த்தியின் வீட்டிலிருந்து எழிலைப் பெண் கேட்டு வந்தார்கள். அதே ஆபீஸில் சர்வேயர். போளூர்க்காரர். நல்ல பையன், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அவருடைய அம்மா வெள்ளையம்மாள் எழிலின் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்து, “இன்னாம்மா, இவ்ளோ கனமா இருக்குது” என்று சிரித்தார். தை மாதம் கல்யாணம் என்று பேசினார்கள். மூர்த்திக்கு ஓசூருக்கு மாற்றல் வந்திருந்தது.

“ஓசூரு இன்னாக்கா பெரிய தூரம்? மாசாமாசம் வந்துடுவேன்” என்றாள் எழில்.

மாதம் ஒரு நாள் என்றால் வருஷத்தில் பன்னிரண்டு நாள். மீதி நாட்களில் அவளுக்கு யார் பின்னிவிடுவார்கள் என்று யோசித்தேன்.

அடுத்த வாரம் மெட்ராஸுக்குப் போய், பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்தேன். அரை நாள் ஆயிற்று. ஆறு அங்குலக் கத்தரியை மோதிர விரலில் மாட்டித் திறந்து மூடிப் பார்த்தேன். ஈரப் பஞ்சை வெட்டிப் பார்த்தேன், இழுக்காமல் வெட்டியது. பிறகு அதற்குச் சரியான ஜோடி தேடினேன். பல் கத்தரியில் ஒரு பக்கம்தான் வெட்டுகிற விளிம்பு, மறுபக்கம் சீப்பு மாதிரிப் பல் இருக்கும். கொத்தாகப் பிடித்து மூடினால் கொஞ்சம் முடியை வெட்டி, மீதியை விட்டுவிடும். கடைக்காரர் பதினைந்து பல் வைத்ததைக் காட்டி, இதில் வேலை சீக்கிரம் முடியும் என்றார். எனக்கு அவசரமில்லை என்று முப்பது பல் எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தேன். எது எதுவென்று என் கைக்கே தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன். எழில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்தாள். வெட்டுகிற கத்தரியால் நுனியை வெட்டினேன். பிறகு மேல் முடியை ஒதுக்கி கிளிப் போட்டுவிட்டு, பல் கத்தரியை அடியில், தலையோடு ஒட்டிப் பிடித்து இரண்டு தடவை மூடினேன். விழுந்ததை மடியில் விரித்திருந்த துண்டில் வாங்கிச் சுருட்டிக்கொண்டேன். அவள் பத்திரிகையில் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அவ்வளவுதான்.

முதல் வாரம் இரண்டு மூடல், பிறகு ஐந்து, பிறகு பத்து. கொஞ்சம் முடியை அவள் சீப்பில் விட்டுவைப்பேன். பார்லருக்கு வருகிறவர்களின் தலையிலிருந்து வேரோடு உதிர்ந்ததையும் சேர்த்து அவள் தலையணையில் போடுவேன். ஆவணி முடிவதற்குள் பின்னல் பாதியாகிவிட்டது.

“அக்கா, இன்னிக்கும் ஜாஸ்தியா கொட்டுதுக்கா” என்று சீப்பை எடுத்து வந்து காட்டுவாள்.

“பயப்படாதடி. நான் இருக்கேன் இல்ல?” என்பேன். அப்படிச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே மனசு கனக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டவுனில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துத் தலையைப் பார்த்துவிட்டு, “நீயே முடியைப் பிச்சிக்கிறியாம்மா? மனசுல ஏதாவது கஷ்டமா?” என்று கேட்டார். எழில் அழுதுவிட்டாள். கெட்டிக்கார டாக்டர். அதற்குப் பிறகு அவரிடம் போகவில்லை. செங்கத்துக்கு அந்தப் பக்கம் இருந்த இராமலிங்கத்திடம் போனோம். அவர் எதையும் பார்க்கவில்லை, கறுப்புப் பொடி கொடுத்தார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் கலந்து ஒரு சிட்டிகை. கலக்கிக் கொடுத்தது நான்தான்.

ஐப்பசியில் பூ வைக்க வந்தார்கள். வெள்ளையம்மாள் எழிலின் தலையில் மல்லிகையைச் சொருகும்போது கை நின்றுவிட்டது. கொண்டை ஊசி பிடிக்கிற அளவுக்குத் தலையில் முடி இல்லை. அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, “உடம்புல இன்னா வியாதின்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வந்தவர்கள் சாப்பிடாமல் போனார்கள்.

மூர்த்தி நான்கு நாள் கழித்துத் தனியாகப் பார்லருக்கு வந்தார். எழில் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தாள்.

“முடி இல்லன்னா இன்னாங்க? எனக்கு அவங்கதான் வேணும். அம்மாவ நான் பாத்துக்கறேன். அவங்ககிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டுப் போறேன்” என்றார்.

“தூங்கறா. இது ரத்தத்துல இருக்கற கோளாறு தம்பி. குழந்தைக்கும் வரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்கள மறந்துடச் சொல்லி அவதான் சொன்னா” என்றேன்.

அவர் பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார். யார் வந்தது என்று உள்ளேயிருந்து எழில் கேட்டாள். கரண்ட் பில் கணக்கெடுக்க வந்தவர் என்றேன்.

அத்தோடு பல் கத்தரியை எடுத்து வைத்துவிட்டேன். வேலை முடிந்துவிட்டது. இனி முடி வளரட்டும், பழையபடி இரண்டு பேரும் இருக்கலாம் என்று நினைத்தேன்.

முடி வளர்ந்தது. மார்கழியில் தலை முழுக்கக் கறுகறுவென்று குட்டை முடி. எழில் என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, “தொட்டுப் பாருக்கா, மருந்து வேலை செய்யுதுக்கா” என்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. சந்தோஷத்தில் சதை போட்டிருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தை மாதப் பௌர்ணமிக்குக் கிரிவலம் போய் வந்த பிறகு காலில் கொலுசு இறுகிக் கழற்ற வரவில்லை. நடந்த வீக்கம் என்றாள். நான்கு நாள் ஆகியும் வடியவில்லை.

“பொடிய நிறுத்திடுடி” என்றேன்.

“போக்கா. இப்பதான் முளைக்குது, இப்பப் போயி நிறுத்துவாங்களா? முடி நல்லா வந்துட்டா அவரு வீட்ல மறுபடியும் பேசிப் பாக்கலாம் இல்ல?”

அவளை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. உனக்கு நோயே இல்லை என்று சொல்வது. அப்படிச் சொன்னால் முடி எப்படிப் போயிற்று என்று கேட்பாள். இரண்டு நாள் யோசித்தேன். மருந்தின் மேல் நம்பிக்கை போய்விட்டால் தானாகவே நிறுத்திவிடுவாள் என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை பல் கத்தரியை மறுபடியும் எடுத்தேன்.

அவள் நிறுத்தவில்லை. முடி கொட்ட ஆரம்பித்ததும் பொடி போதவில்லை என்று இரண்டு சிட்டிகையாக்கினாள், பிறகு மூன்று. காலையில் டம்ளரை நீட்டுவாள். நான் கலக்கிக் கொடுப்பேன். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பேன். அப்படி நாற்பது நாள்.

மாசிக் கடைசியில் சிறுநீர் நின்றுவிட்டது. வேலூருக்கு எடுத்துப் போனேன். பொடியில் பாதரசம் இருக்கிறது, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். எதற்காகச் சாப்பிட்டார்கள் என்று கேட்டார்கள். முடி கொட்டுகிறது என்று சாப்பிட்டாள் என்றேன்.

பதினொரு நாள் இருந்தாள். புடவைத் தலைப்பால் தலையை மூடியபடியே இருந்தாள். நர்ஸ் வந்தால்கூட இழுத்து விட்டுக்கொள்வாள். கடைசிக்கு முந்தின நாள், “அவரு ஒரு தடவ வந்து பாத்திருக்கலாம்க்கா. நல்லவருன்னு நெனச்சேன்” என்றாள்.

“நான் இருக்கேன் இல்ல?” என்றேன்.

“நீ இருக்க. உன்னத்தான் தனியா விட்டுட்டுப் போறேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் கையை விட்டுவிடுவாள் என்று சொல்லவில்லை.

இராமலிங்கத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் பொடி கெட்ட பொடிதான். ஆனால் அந்த வரியை மாற்றி எழுதுங்கள் மேடம். முடியை வெட்டியது பச்சையம்மாள் என்கிற நான். மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பியது பச்சையம்மாள். விஷம் என்று சந்தேகம் வந்த பிறகும் நாற்பது நாள் கலக்கிக் கொடுத்தது பச்சையம்மாள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஏன் செய்தாய் என்று மறுபடியும் கேட்கிறீர்கள். நீங்களும் ஒரு பெண், நீங்களே சொல்லுங்கள். தலையில் முடியே இல்லாத ஒரு பெண்ணை, என்னைத் தவிர வேறு யார் மேடம் நன்றாக வைத்துக்கொண்டிருப்பார்கள்?