குழந்தை குளித்த தண்ணீர்

பச்சைக்குழந்தையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் குறைவு. காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், இறுக மூடிய உள்ளங்கைக்குள் அழுக்கு சேரும். பெற்றவர்கள் நெற்றியைத் துடைத்து ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வேலை முடிந்ததென்று எழுந்துவிடுவார்கள். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள், சார். குறையாகச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவும் அறையில் எனக்கு வேலை. கத்தியும் கத்தரியும் ரத்தக்கறையோடு வரும். மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, தேய்த்து, அலசி அனுப்புவேன். நான் கழுவிய கருவியால் யாருக்கும் சீழ் வைத்ததாக ஒரு புகார் வந்ததில்லை. வீட்டிலும் நான் அப்படித்தான். "அக்கா கழுவின கரண்டியில மூஞ்சி பாத்து ஷேவ் பண்ணலாம்" என்று தம்பி கிண்டல் செய்வான். சுத்தக்காரி என்றே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

எனக்கும் ஒரு பெண் பிறந்தாள். தொப்புள்கொடி விழுவதற்கு முன்பே அந்த இடம் சிவந்து, சீழ் பிடித்து, போய்ச் சேர்ந்தாள். "ஏதோ அழுக்கு உள்ள போயிருக்கும்மா" என்றார் டாக்டர். அவர் போகிற போக்கில் சொன்ன வார்த்தைதான். என்னால் அதை இறக்கி வைக்கவே முடியவில்லை. ஊரார் கருவியைத் துலக்குகிறவளுக்குப் பெற்ற பிள்ளையைத் துடைக்கத் தெரியவில்லை என்று மாமியார் வீட்டில் பேசினார்கள். கணவர் மெல்ல விலகிப் போனார். நான் தம்பி வீட்டோடு வந்துவிட்டேன்.

தம்பிக்கு மகன் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியது நான்தான். உடம்பெல்லாம் மெழுகுபோல வெள்ளைப் பூச்சு. துடைக்கப் போனேன். நர்ஸ் தடுத்தாள். "தேய்க்காதீங்கம்மா. அது பிள்ளைத் தோலுக்குக் காப்பு, தானா போயிடும். கொடி விழுற வரைக்கும் ஈரத் துணியால துடைச்சா போதும்."

தம்பி மனைவி அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். நான் குளிப்பாட்டுகிறேன் என்று கேட்டபோது, "நர்ஸ் வேண்டாம்னாங்களே அண்ணி" என்றாள். நல்ல பெண்தான். ஆனால் குழந்தையின் தொடை இடுக்கில் வெள்ளை அப்படியே இருந்தது. கொடி கறுத்துக் காய்ந்துகொண்டிருந்தது. அது அப்படித்தான் காயும் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன், குழந்தையைச் சுற்றிய துணியை விலக்கும்போதெல்லாம் நான் பார்த்தது என் மகளின் வயிற்றைத்தான்.

வேலையிடத்து மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்தேன். மத்தியானம் தம்பி மனைவி அசந்து தூங்கும்போது குழந்தையைக் குளியலறைக்குத் தூக்கிப்போவேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் எதையும் அளக்காமல் செய்ததில்லை. கருவிக்குக் கலக்கும் அதே அளவுதான் கலந்தேன். குறைத்தால் கிருமி சாகாது. கொடியைச் சுற்றி நன்றாகத் தேய்த்து, மடிப்பு மடிப்பாக அலசி, பூப்போலத் துவட்டி அவள் பக்கத்திலேயே போட்டுவிடுவேன்.

முதல் நாள் வீறிட்டு அழுதான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் உடம்பு சிவந்திருந்தது. அவள் பயந்து கேட்டாள். "வேர்க்குரு, சரியாப்போயிடும்" என்றேன். அதற்குப் பிறகு குளிக்கும்போது அழுகையை நிறுத்திவிட்டான். அத்தைக்குப் பழகிவிட்டான் என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. பால் குடிக்க மாட்டேன் என்கிறான், டாக்டரிடம் போகலாம் என்று அவள் கெஞ்சினாள். "பொறந்த பிள்ளை தூங்கத்தான் செய்யும். சும்மா அலட்டிக்காத" என்றேன். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிவிடுவார்களே என்பது மட்டும்தான் என் கவலை.

கடைசியில் தம்பிதான் தூக்கிக்கொண்டு ஓடினான். டாக்டர் குழந்தையின் மார்பில் காது வைப்பதுபோலக் குனிந்தவர், முகர்ந்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த வாசனை அவருக்கும் தெரிந்ததுதான். குழந்தை பிழைக்கவில்லை. தம்பி என்னை அடிக்கவில்லை. "ஏன்க்கா?" என்று மட்டும் கேட்டான். அவள் பால் சுரந்து சட்டை நனைய நனைய அப்படியே உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது தடவையும் என் மடியில் ஒன்றும் இல்லை.

மருந்து தோலைச் சுடும் என்று தெரியாது, பாசம் கண்ணை மறைத்துவிட்டது என்று காலையில் ஸ்டேஷனுக்கு வந்ததும் உங்களிடம் சொன்னேன். நீங்கள் தலையாட்டிவிட்டு, கைகளை மேசைமேல் வைக்கச் சொன்னீர்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். ஒரு கொப்புளம்கூட இல்லையே என்றீர்கள்.

அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் குளிப்பாட்டினேன். அந்தத் தண்ணீரில் வெறும் கையை வைக்க முடியாது, சார்.