சிப்ஸ் கடைக்காரருக்கு மூன்று ஃபிளெக்ஸ்

நேந்திரங்காய் சிப்ஸ் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அதைத் தின்ன வேண்டியதில்லை, மேடம். ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து உடைத்தால் போதும், சத்தத்திலேயே தெரிந்துவிடும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் பிரான்சிஸ் அண்ணன். கம்பத்திலிருந்து குமுளி போகிற ரோட்டில் கடை வைத்திருந்தார். கேரளாக்காரர்களே காரை நிறுத்தி வாங்கிப் போவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை என்பதை என் வாக்குமூலத்தில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் வேல்பாண்டி. கம்பத்தில் ஒரு தனியார் ஃபைனான்ஸில் மேனேஜர். சிறு கடைக்காரர்களுக்குக் கடன் கொடுப்பதும் வசூலிப்பதும் எங்கள் தொழில். கொடுப்பதற்கு நான் ஒருவன் போதும். வசூலுக்குக் கர்ணன், முத்துக்கருப்பன் என்று இரண்டு பேர். முன்பெல்லாம் தவணை தவறினால் இவர்கள் கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து, வாடிக்கை வருகிற நேரமாகப் பார்த்து நாலு வார்த்தை வைவார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தராசைத் தூக்கி வந்துவிடுவார்கள். தராசு இல்லாமல் எத்தனை நாள் வியாபாரம் பண்ண முடியும்?

பிறகு அரசாங்கம் சட்டம் கொண்டு வந்தது. கடன் வாங்கியவரை மிரட்டக் கூடாது, பின்னாலேயே போகக் கூடாது, பொருளைத் தூக்கக் கூடாது, வீட்டாரைத் தொந்தரவு செய்யக் கூடாது, எதையும் அவர் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது. மீறினால் ஜெயில். நல்ல சட்டம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். தேனியில் ஒரு ஓட்டலில் எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள், மதியம் பிரியாணி போட்டார்கள். கர்ணன் மீசையை ஒதுக்கினான். முத்துக்கருப்பனுக்கு 'ஐயா, வணக்கம்' என்று சொல்ல வாய் வரவில்லை. என்னை எதிரே உட்கார வைத்துப் பழகினான்.

வசூல் படுத்துவிட்டது. கடைக்காரர்கள் கர்ணனை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, 'அடுத்த வாரம் பாப்பம்ப்பா' என்று அனுப்பினார்கள். மேலிடத்திலிருந்து தினமும் எனக்குப் போன். அப்போதுதான் அந்தச் சட்டத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வாடிக்கையாளரை வாழ்த்தக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை.

நம் பக்கம் காதுகுத்துக்கும் ஃபிளெக்ஸ், கருமாதிக்கும் ஃபிளெக்ஸ். வார்டு கவுன்சிலர் வெளியூர் போய்த் திரும்பினாலும் ஃபிளெக்ஸ். கடைத்தெருவில் உழைக்கிற ஒரு மனிதருக்கு நாம் ஏன் வைக்கக் கூடாது என்று யோசித்தேன். பிரான்சிஸ் அண்ணனுக்குப் பிறந்தநாள் வந்தது. தேங்காய் எண்ணெய் விலை ஏறியதிலிருந்து அவர் தவணை கட்டவில்லை. பாமாயிலுக்கு மாறுங்கள் என்று நானே சொன்னேன், கேட்கவில்லை. மானஸ்தர். அதனால்தான் அவரிடமிருந்து ஆரம்பித்தேன். மானம் இல்லாதவனுக்கு ஃபிளெக்ஸ் வைத்து யாருக்கு என்ன லாபம்?

கடைக்கு எதிரே, ஒரு லாரி அளவுக்கு வைத்தோம். அவர் சிரிக்கிற படம், சுற்றிலும் ரோஜாப்பூ. 'எங்களிடம் கடன் பெற்ற நாள்முதல் இன்றுவரை எங்களைப் பிரிய மனமில்லாத பாசமிகு வாடிக்கையாளர் அண்ணன் பிரான்சிஸ் அவர்களுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்.' கர்ணன் கேக் கொண்டுபோய் ஊட்டினான். கொட்டு அடித்தோம். ரோட்டில் போன பஸ் கூட நின்று பார்த்தது.

அண்ணன் இதற்காகப் பெரிய அதிகாரி ஒருவரிடம் மனு கொடுத்திருக்கிறார். எந்த ஆபீஸ் என்று நான் சொல்லப் போவதில்லை. அதிகாரி போட்டோவைப் பார்த்துவிட்டு, 'இதுல எங்கய்யா வஞ்சிருக்காக? வாழ்த்துத்தான சொல்லியிருக்காக. எனக்கெல்லாம் வீட்லயே ஒருத்தரும் சொல்றதில்ல' என்றாராம். சட்டம் தெரிந்தவர்.

அங்கிருந்து நேராக என் ஆபீசுக்கு வந்தார் அண்ணன். நாற்காலியில் உட்காரவில்லை.

"வேல்பாண்டி, பழைய மாதிரி அந்த ரெண்டு பயகளையும் விட்டு என்னைய வையச் சொல்லுப்பா. நான் தாங்கிக்கிருவேன். அது அன்னன்னைக்கோட போயிரும். இது நிக்கிதுப்பா."

"வையிறது சட்டப்படி குத்தம்ணே" என்றேன். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு ஃபிளெக்ஸுக்குப் பிறகு கடைத்தெருவே மாறிவிட்டது. டெய்லர், பேக்கரிக்காரர், வாழைத்தார் மண்டிக்காரர் எல்லாரும் கூப்பிடாமலே வந்து கட்டினார்கள். அவர்கள் பிறந்தநாள் எப்போது என்று நான் கேட்டால் எழுந்து போய்விடுவார்கள். மேலிடத்தில் என்னைப் பாராட்டினார்கள். பாராட்டு வந்தால் யாருக்குத்தான் இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்யத் தோன்றாது?

அண்ணனின் மகள் பெனிஷாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. இராயப்பன்பட்டியில், அவர்கள் சொந்த ஊரில். மாப்பிள்ளை பெரியகுளத்துப் பக்கம். வீட்டாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது சட்டம், சீர் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டமில்லை. தாம்பாளத்தில் பழம், பூ, பட்டுச்சேலை எல்லாம் வைத்துக் கொட்டோடு போனோம். ஊர் நுழைகிற இடத்தில் இரண்டாவது ஃபிளெக்ஸ். 'மணமகளின் தந்தை எங்களுக்குத் தர வேண்டியது அவரது மாறாத அன்பு மட்டுமல்ல' என்று எழுதியிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் வேனை நிறுத்தி அதை நிதானமாகப் படித்தார்கள்.

அண்ணன் மனைவி அமுதா அக்கா பந்தலை விட்டு வெளியே வந்து என்னிடம் கேட்டார். "ஏந்தம்பி, வாசிச்சிட்டு வண்டியத் திருப்பிட்டாகளே. எம்புள்ள உள்ள பூ வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. இனி அதுட்ட நான் என்ன சொல்ல?"

பழத்தட்டை அவர் கையில் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அண்ணன் கடை திறக்கவில்லை. பகல் முழுவதும் பாதி இறக்கிய ஷட்டருக்குள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்று முத்துக்கருப்பன் வந்து சொன்னான். ஒட்டி உறவாடிய மனிதர் இப்படி ஆகிவிட்டாரே என்று எனக்கு வருத்தம். வருத்தத்தோடுதான் ஃபிளெக்ஸ் கடை நல்லகண்ணுவிடம் போய் மூன்றாவதைச் சொன்னேன். முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் அவனைப் பிடிக்க முடியாது. முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

நீங்கள் காலையிலிருந்து என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான், மேடம். உயிரோடு இருக்கிறவருக்கு எப்படிக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் சொன்னாய் என்கிறீர்கள். அவர் இருந்த நிலையைப் பிறகு நானும் போய்ப் பார்த்தேன், கர்ணனும் பார்த்தான். தேவைப்படும் என்று தெரிந்தது. தேவைப்பட வேண்டும் என்று நான் நினைத்தேனா என்றால், ஆமாம், நினைத்தேன். அவர் கட்ட மாட்டார் என்பது முடிவாகிவிட்டது. மற்றவர்கள் தொடர்ந்து கட்ட வேண்டுமே.

ஃபிளெக்ஸ் அடிப்பதற்கு முன்னால் டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மெஷினில் ஏற்றுவார்கள். நல்லகண்ணு எனக்கு அனுப்பினான். அண்ணனின் இனிஷியல் எனக்குச் சந்தேகம். யாரிடம் கேட்பது? அவருக்கே அனுப்பினேன். 'அண்ணே, பேரு, இனிஷியல் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க' என்று கீழே போட்டேன்.

பதில் வந்தது. 'பேரு சரி. இந்தப் படம் வேணாம். கடை வாசல்ல நான் நிக்கிற படம் அமுதாட்ட இருக்கு. அதப் போடுங்க.'

மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். எப்படி என்பது உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறது. நான் துக்க வீட்டுக்குப் போய் அமுதா அக்காவிடம் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று கூட அவர் கேட்கவில்லை. உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் ஃபிளெக்ஸ் கட்டி முடித்துவிட்டோம்.

என் போன் உங்களிடம்தான் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். அவர் சம்மதம் எழுத்திலேயே இருக்கிறது, அவர் சொன்ன படத்தைத்தான் போட்டோம். அவர் பதிலுக்குக் கீழே நான் கைகூப்பி அனுப்பியிருப்பதையும் பாருங்கள், மேடம். கடைசி வரைக்கும் நான் அந்த மனிதரிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை.