ஹைகோர்ட்டில் விரித்த சேலை

எல்லாம் அந்த வக்கீலாலதான் ஏட்டய்யா! இல்லன்னா நான் ஏன் உங்ககூட பஸ்ஸுல வேலூர் ஜெயிலுக்குப் போய்க்கினு இருக்கப்போறேன்? ஆறு மாசம்! இந்த விலங்கு மேல துண்டப் போட்டுக்கட்டுமா? எதிர் சீட்டு அம்மா பாத்துக்கினே இருக்குது...

கையில காசில்லாதவன்னு கோர்ட்டே சும்மா குடுத்த வக்கீலு. வீராசாமின்ற என் பேர முனுசாமி முனுசாமின்னே கடைசி வரைக்கும்... சரி, அத வுடுங்க.

நான் திருடனா? நீங்களே சொல்லுங்க. பூவராகவன் மொதலாளி தறியில நான் நெய்த சேலை. எடுத்துக்கினு வாலாஜாபாத்துக்குப் போனேன். விக்கவா? அங்க இருக்கற எம் மச்சான் கைலாசம், அவனும் நெசவுதான், "உனக்கெல்லாம் கோர்வை வருமாடா"ன்னு கல்யாணப் பந்தியில வெச்சுக் கேட்டான்பா! அவன் மூஞ்சிக்கு நேரா விரிச்சுக் காட்டிட்டு மறுநாளே கொண்டாந்து வெச்சிருப்பேன். அதுக்குள்ள பஸ்ஸுலயே புடிச்சிட்டாங்க.

கீழ்க்கோர்ட்டுல போட்ட ஆறு மாசத்த எதுத்து அப்பீலு. ஹைகோர்ட்டுல மேசை மேல சேலைய விரிச்சாங்க. அதுவரைக்கும் ஒரே இங்கிலீசு. அப்புறம் ஜட்ஜய்யா தமிழ்ல கேட்டாரு, "இது அந்த மொதலாளி சேலைதான்னு என்ன அடையாளம்?" எங்க வக்கீலு சொல்றாரு, "ஒரு அடையாளமும் இல்லீங்க. காஞ்சிபுரத்துல எவன் வேணா நெய்யற பார்டரு. இதுமாதிரி ஆயிரம் கெடக்குது." ஜட்ஜய்யா தலைய ஆட்டறாரு. பக்கத்துல நின்ன டவாலிகூட, "தப்பிச்சடா"ன்றான்.

எவன் வேணாவா? ஒடம்பு அரக்கு, பார்டரு பச்சை. ரெண்டையும் தறியிலயே கோத்து வாங்கணும், அதான் கோர்வை ஏட்டய்யா! ஒரு எழ தப்புனா பல்ல இளிச்சிடும். ஆயிரம் கெடக்குதாமே, ஆயிரம்!

நான்... எழுந்திரிச்சிட்டேன். "அய்யா! பிள்ளையார்பாளையத்துல என்னத் தவிர எவன் இத நெய்வான்? மொதலாளி தறியில பத்தொம்போது நாளு குந்திக்கினு நெய்தேன்!"ன்னு கத்திட்டேன்.

என்னா சிரிக்கிறீங்க? வக்கீலு அப்பிடியே நாற்காலியில குந்திட்டாரு. அப்பீலு தள்ளுபடி. அந்தாளு என் பார்டரப் பத்தி நல்லதா ஒரு வார்த்த பேசியிருந்தா நான் ஏன் வாயத் தொறக்கறேன்?

ஆனா ஒண்ணு... என்ன வெளிய தள்ளிக்கினு போவசொல்ல திரும்பிப் பாத்தேன். ஜட்ஜய்யா கண்ணாடியக் கழட்டி வெச்சிட்டு, அந்தக் கோர்வைய வெரலால தடவிப் பாத்துக்கினே இருந்தாரு.